ரொட்டி இயந்திரமும் இட்லி மாவின் பதமும்

சிங்கப்பூர்த் தமிழர் பேச்சில் ‘ரொட்டி’ என்ற சொல் இரு பொருளில் வழங்குகிறது. மாவை வீசிக் கல்லில் போட்டுச் சுடும் பராட்டாவும் ரொட்டிதான். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைச் சேர்த்துப் பொங்கவைத்த கோதுமை மாவை மூடிய அடுப்பின் வெப்பத்தில் வேகவைத்து, ஆறியபின் துண்டுகளாக அறுத்து உண்பதும் ரொட்டிதான். பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் இவ்விரண்டையும் அதே சொல்லால் குறிப்பதால் இதில் குழப்பம் நேர்வதில்லை. இலங்கைத் தமிழர் இரண்டாவதைப் ‘பாண்’ என்பர். அது வேகும் அடுப்பைப் ‘போறணை’ என்பர். இரு சொற்களும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவை. இட்லிக்கும் தோசைக்கும் ஆப்பத்துக்கும் மாவைப் புளிக்கவைக்கும் நுட்பத்தைத் தலைமுறைகளாகக் கைவசம் வைத்திருந்த ஒரு சமூகம் ரொட்டிக்கு மட்டும் கடைவாசலில் நின்றதற்கு மாவைப் பற்றிய அறியாமை காரணமன்று. நாற்புறமும் சூடு சூழ்ந்து நிற்கும் அடுப்பு தமிழ் வீட்டின் சமையற்கட்டில் இல்லாமையே காரணம். ரொட்டி இயந்திரம் என்னும் சிறு மின்கருவி அந்த அடுப்பைச் சமையல் மேடைக்கே கொண்டுவந்துவிட்டது. அதன்பின் மாவின் பதம் அறிந்த கைகளுக்கு என்ன வேலை மிஞ்சியது என்பதே, தெம்பனிஸ் வட்டாரத்துத் தமிழ் வீடு ஒன்றின் நினைவுகளைத் துணையாகக் கொண்டு இங்கே எழுதப்படுகிறது.

தெம்பனிஸ் என்ற பெயர், அப்பகுதியில் ஒரு காலத்தில் வளர்ந்திருந்த தெம்பினிஸ் என்னும் வன்மரத்தால் ஏற்பட்டது. கம்பம் எனப்படும் சிற்றூர்களும் தோட்டங்களும் மணல் தோண்டிய குழிகளுமாக இருந்த அந்நிலத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1970களின் இறுதியில் புதுநகர்ப் பணியைத் தொடங்கியது. 1989 டிசம்பரில் ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இக்கட்டுரையாளரின் பெற்றோர் அங்கு நான்கறை வீடொன்றில் குடியேறியிருந்தனர். அந்நாளில் அவ்வீட்டுக்கு ரொட்டி வந்த வழி ரொட்டிக்காரர். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஊதலை அழுத்தியபடி மாலையில் புளோக்குகளுக்கிடையே வரும் இவ்வியாபாரிகளில் பலர் இந்திய முஸ்லிம்கள். அவர்களுக்கு முந்திய தலைமுறை சைக்கிளிலும், அதற்கும் முன்பு தலைச்சுமையாகவும் விற்றது. அவர்கள் விற்ற உள்ளூர் ரொட்டியின் மேல்தோல் கருகியதுபோல் கறுத்திருக்கும். வாங்குபவர் விருப்பப்படி அத்தோலைச் சீவி, உள்ளிருக்கும் வெண்பகுதியைக் கனமான துண்டுகளாக அறுத்து, மார்ஜரினும் காயாவும் தடவித் தாளில் மடித்துத் தருவர். காயா என்பது தேங்காய்ப் பால், முட்டை, சீனி, பாண்டான் இலை ஆகியவற்றைச் சிறுதீயில் கிளறி எடுக்கும் களிம்பு. சீவியெறிந்த கருந்தோலைக் கேட்டு வாங்கித் தின்ற பிள்ளைகளும் இருந்தனர்; இக்கட்டுரையாளர் அவர்களில் ஒருவர்.

கோதுமை விளையாத இத்தீவில் ரொட்டி இவ்வளவு இயல்பாகப் புழங்கியதற்குப் பின்னால் ஆலைகள் இருந்தன. பிரிமா நிறுவனம் 1963-இல் இங்கு மாவு ஆலையை இயக்கத் தொடங்கியது. அதே நிறுவனம் 1980-இல் திருகோணமலையில் நிறுவிய பேராலையால் ‘பிரிமா மா’ என்பது இலங்கைத் தமிழரின் அன்றாடச் சொல்லாகவே ஆகிவிட்டது. கார்டீனியா ரொட்டி நிறுவனம் 1978-இல் புக்கிட் தீமா பிளாசாவில் சிறு பேக்கரியாகத் தோன்றி, 1983-இல் தொழிற்சாலையாக வளர்ந்தது. அறுத்துப் பையிலிட்ட ரொட்டி பேரங்காடித் தட்டுகளை நிறைத்ததும் ரொட்டிக்காரரின் ஊதல் ஒலி அருகியது. பையிலிட்ட ரொட்டி மென்மையானது, நாள்தோறும் ஒரே தரத்தில் கிடைப்பது. ஆனால் அதற்கு மணம் இல்லை என்று தாயார் சொல்லிவந்தார். அவர் சொன்னது சரிதான். ரொட்டியின் மணம் பெரும்பாலும் மேல்தோலில் உருவாகி, அடுப்பிலிருந்து எடுத்த சில மணி நேரத்துக்குள் பெருமளவு பறந்துவிடும் தன்மையுடையது.

ரொட்டி இயந்திரத்தின் அமைப்பு எளியது. அரிசிக் குக்கரைவிடச் சற்றே உயரமான பெட்டி. அதனுள் ஒட்டாத பூச்சுடைய ஆழமான பாத்திரம். பாத்திரத்தின் அடியில் சுழலும் சிறு துடுப்பு. சுற்றிலும் வெப்பக் கம்பி. மாவு, நீர், உப்பு, சர்க்கரை, வெண்ணெய், ஈஸ்ட் ஆகியவற்றை அளந்து போட்டுப் பொத்தானை அழுத்தினால், துடுப்பு பிசைகிறது, பெட்டி மிதமான சூட்டில் மாவைப் பொங்கவைக்கிறது, பின்னர் அதே பாத்திரத்திலேயே சுட்டுத் தருகிறது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும். ஒரு சிறு ரொட்டிக்கு 250 கிராம் மாவு, 180 மில்லி லிட்டர் நீர், 5 கிராம் உப்பு, 3 கிராமுக்குச் சற்றுக் குறைவான ஈஸ்ட் என்பது கையேடுகளில் பரவலாகக் காணும் அளவு.

இக்கருவியின் பிறப்பு, கைப்பக்குவத்தைப் பற்றி எண்ணும் எவருக்கும் பயன்படும் வரலாறு. ஒசாக்காவைச் சேர்ந்த மாட்சுஷிதா நிறுவனம், அதாவது இன்றைய பானசோனிக், 1980களின் நடுவில் வீட்டு ரொட்டி இயந்திரத்தை உருவாக்க முயன்றபோது, மாவின் மேற்புறம் கருகியும் உட்புறம் வேகாமலும் போயிற்று. கைதேர்ந்த ஒருவர் பிசைந்த மாவையும் இயந்திரம் பிசைந்த மாவையும் ஊடுகதிர்ப் படம் எடுத்து ஒப்பிட்டும் காரணம் விளங்கவில்லை. மென்பொருள் பிரிவில் பணியாற்றிய தனாக்கா இக்குக்கோ என்ற பெண்மணி, நல்ல ரொட்டிக்குப் பெயர்பெற்ற ஒசாக்கா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் சென்று பயிற்சி பெற்றார். அக்கலைஞர் மாவை இழுப்பதோடு நில்லாமல் முறுக்கியும் இழுக்கிறார் என்பதை அவர் கண்டறிந்தார். அந்த முறுக்கலை இயந்திரத்தில் பெறுவதற்காகப் பாத்திரத்தின் உட்சுவரில் மாவைப் பிடித்து நிறுத்தும் வரம்புகள் அமைக்கப்பட்டன. 1987-இல் கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. மேலாண்மை அறிஞர் நொனாக்கா இக்குஜிரோ 1991-இல் எழுதிய கட்டுரை ஒன்றின் வாயிலாக இந்நிகழ்ச்சி உலகெங்கும் மேலாண்மை மாணவர்கள் படிக்கும் பாடமாயிற்று. சொல்லில் வடிக்க இயலாமல் உடலில் உறையும் அறிவை, பிறர் கையாளத்தக்க வடிவத்துக்கு மாற்றலாம் என்பதற்கு இதையே அவர் சான்றாக வைத்தார்.

தெம்பனிஸ் வீட்டுக்கு இயந்திரம் வந்தது 2004-ஆம் ஆண்டின் இறுதியில். தந்தையார் பணியாற்றிய இடத்தில் நடந்த ஆண்டிறுதி விருந்தின் அதிர்ஷ்டக் குலுக்கில் அது பரிசாக விழுந்தது. நான்கு மாதங்கள் கட்டிலுக்கடியில் பெட்டி பிரிக்கப்படாமல் கிடந்தது. பள்ளி விடுமுறை ஒன்றில் அதை எடுத்து, கையேட்டில் கண்டபடி கிராம் பிசகாமல் அளந்து போட்டும், முதல் ரொட்டி தலை குழிந்து, புளித்த வாடையுடன் வெளிவந்தது. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவது ரொட்டி மூடியைத் தொடும் அளவுக்கு உப்பியது. சுடும் கட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் அமுங்கிச் சரிந்தது. இயந்திரம் பழுது என்று வீட்டில் முடிவு கட்டப்பட்ட வேளையில், அதுவரை இதில் தலையிடாதிருந்த தாயார் மூடியைத் திறந்து, பிசைந்துகொண்டிருந்த மாவின் மீது புறங்கையை வைத்துப் பார்த்தார். “மாவு சுடுதுப்பா. இந்த ஊரு வெக்கைக்கு இவ்வளவு நேரம் பொங்க விட்டா எந்த மாவு நிக்கும்? தண்ணிய ஐஸ்பெட்டியில வச்சு எடுத்து ஊத்து” என்றார்.

அவர் அவ்வாறு சொன்னதற்கு அடிப்படை ரொட்டியைப் பற்றிய படிப்பன்று. ஊறிய உளுந்தை அரைத்த அனுபவம். அரைக்கும் கல்லின் உராய்வால் உளுந்து சூடேறினால் மாவு பந்துபோல் உப்பி வராது என்பதால், குளிர்ந்த நீரைத் தெளித்துத் தெளித்து அரைப்பது தமிழ்ப் பெண்கள் அறிந்த வழக்கம். இயந்திரத்தின் துடுப்பும் உராய்வால் மாவைச் சூடாக்குகிறது. ரொட்டி மாவு பிசைந்து முடியும்போது 26 முதல் 28 பாகை செல்சியஸில் இருப்பது நல்லது. அதற்கு மேல் சென்றால் ஈஸ்ட் விரைந்து செயல்பட்டு, குறித்த நேரத்துக்கு முன்பே மாவை உப்பச் செய்துவிடும். பகலில் 30 பாகையைத் தாண்டுவது வழக்கமான ஊரில், சமையலறை அலமாரியிலிருந்து எடுத்த மாவும் குழாயிலிருந்து பிடித்த நீரும் தொடக்கத்திலேயே அந்த எல்லைக்கு மேல் நிற்கின்றன. இயந்திரமோ கடிகாரத்தைப் பார்த்து நடப்பது. மாவு பொங்கி முடிந்து தளரத் தொடங்கிய பிறகும் அது தனக்கு விதித்த நிமிடங்கள் தீரும்வரை காத்திருக்கும். நீரைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்து, ஈஸ்டைக் கால்பங்கு குறைத்தபோது அடுத்த ரொட்டி நிமிர்ந்து நின்றது. வெப்ப நாளில் 5 பாகைக் குளிர்நீர் ஊற்றுக என்ற குறிப்பு கையேட்டின் கடைசிப் பக்கத்திலேயே இருந்தது பின்னர்தான் கண்ணில் பட்டது.

இரு மாவுகளும் பொங்குவதில் ஒத்தாலும், பொங்கிய காற்றைத் தாங்குவதில் வேறுபடுகின்றன. இட்லி மாவில் லியூகோனாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் அரிசியிலும் உளுந்திலும் இயல்பாக உடனிருந்து, புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் வழவழப்பான பசைப்பொருளும் புரதமும் சேர்ந்து அவ்வாயுவைச் சிறைப்பிடிக்கின்றன. ரொட்டியில் அப்பணியைச் செய்வது குளூட்டன். கோதுமையின் இருவகைப் புரதங்கள் நீரில் நனைந்து, பிசைதலால் ஒன்றோடொன்று பிணைந்து, நீண்டு நெகிழும் வலையாகும் நிலையே குளூட்டன் எனப்படும். உளுந்தைச் சூடாகாமல் நெடுநேரம் அரைப்பதும் கோதுமை மாவைச் சூடாகாமல் நெடுநேரம் பிசைவதும் வெவ்வேறு பொருள்களில் ஒரே நோக்கத்தைத் தேடும் செயல்கள் என்று கருதுவதற்கு இடமுண்டு. தாயாருக்கு இப்பெயர்கள் எவையும் தெரியா. ஆனால் மாவு ‘கனக்கிறது’, ‘இளகுகிறது’, ‘பிடி கொடுக்கிறது’ என்று அவர் பயன்படுத்திய சொற்கள் இவ்வேறுபாடுகளைத் துல்லியமாகவே தொட்டன.

ஹாரி கோலின்ஸ், ரோட்ரிகோ ரிபெய்ரோ என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் நொனாக்காவின் கருத்தை மறுத்து எழுதினர். ரொட்டிக் கலைஞரின் அறிவு முழுவதும் இயந்திரத்துக்குள் குடியேறிவிடவில்லை. கலைஞர் செய்தவற்றுள் ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்பச் செய்யத்தக்க அசைவை மட்டுமே இயந்திரம் ஏற்றது. சூழலுக்கேற்பத் தீர்மானிக்கும் பகுதியை, அளவுகளை முன்கூட்டியே வரையறுத்த கையேடும், ஆலையில் சீராக்கிய மாவும், வீட்டில் அதை இயக்கும் மனிதரும் பங்கிட்டுக்கொள்கின்றனர் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். தெம்பனிஸ் வீட்டின் அனுபவம் இவர்கள் பக்கமே நிற்கிறது. ஒசாக்கா கலைஞரின் முறுக்கல் பெட்டிக்குள் இருந்தது உண்மை; அதை மறுப்பது தனாக்காவின் உழைப்பை மறுப்பதாகும். எனினும் நிலநடுக்கோட்டுக்கு அருகில், மழை வலுத்தால் மாவுப் பொட்டலமே ஈரம் குடிக்கும் ஊரில் அந்த முறுக்கல் ரொட்டியாக முடிவதற்கு, புறங்கையால் சூடு பார்க்கும் வேறொரு கை தேவைப்பட்டது.

அதன்பின் வந்த ஆண்டுகளில் அவ்வீட்டின் இரவுகள் இந்த இயந்திரத்தைச் சுற்றி அமைந்தன. நேரக்கட்டுப்பாட்டை இரவு பத்து மணிக்கு முடுக்கிவிட்டால் காலை ஆறு மணிக்கு ரொட்டி தயாராகும். வெப்பத்தில் பல மணி நேரம் கிடந்தால் பால் கெட்டுவிடுமாதலால் இரவு ரொட்டிக்குப் பால்மாவே சேர்க்கப்பட்டது. உப்பும் நீரும் முன்கூட்டியே ஈஸ்டைத் தொட்டுவிடாதபடி, மாவைக் குவித்து நடுவில் சிறு குழி செய்து அதில் ஈஸ்டை இட்டு மூடுவது தாயாரின் முறை. பின்னிரவு இரண்டு மணி அளவில் துடுப்பு சுழலத் தொடங்கும்; முதலில் உலர்ந்த மாவில் கடகடவென்று தட்டும், பின்பு மாவு திரண்டதும் பாத்திரச் சுவரில் ஈரத்துணியை அடிப்பதுபோன்ற மந்தமான ஓசையாக அது மாறும். அந்த ஓசை மாறுவதைப் படுக்கையிலிருந்தே கேட்டு, “திரண்டிருச்சு” என்று சொல்லிவிட்டுத் தாயார் மறுபக்கம் திரும்பிப் படுப்பார். ஓசை மாறாமல் தட்டிக்கொண்டே இருந்தால் எழுந்து சென்று இரண்டு கரண்டி நீர் விடுவார்.

ஐந்தரை மணிக்கு மணம் எழும். மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் கடுஞ்சூட்டில் சேர்ந்து பழுப்பேறுவதால் பிறக்கும் மணம் அது. வறுத்த கடலை, காய்ச்சிய நெய், சற்றே கள்ளின் சாயல் ஆகியவை அதில் கலந்திருக்கும். வாசற்கதவு மூடியிருந்தாலும் இரும்புக் கிராதியின் இடுக்கு வழியே அது பொது நடைபாதைக்குப் போய், முதல் மின்தூக்கியைப் பிடிக்கக் காத்திருப்பவர்களை எட்டும். ஆறு மணிக்குக் கருவி கீச்சிட்டதும் பாத்திரத்தைக் கவிழ்த்துக் குலுக்கினால், ரொட்டி வழுக்கி விழும். அடிப்பக்கத்தில் துடுப்பு சிக்கிய இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அப்போதே அறுக்கக் கூடாது என்பதே இக்கலையின் கடினமான விதி. உள்ளே கஞ்சிப்பதத்தில் இருக்கும் மாவுச்சத்து ஆறி இறுகுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். பொறுக்காமல் அறுத்தால் கத்தியில் பிசினாய் ஒட்டும். கம்பித் தட்டில் ஆறும்போது மேல்தோல் சுருங்கி, மிக மெல்லிய வெடிப்பொலி எழுப்பும். காதைக் கிட்டக் கொண்டுபோனால்தான் கேட்கும் அவ்வொலியைக் கேட்பதற்காகவே தந்தையார் வேலைக்குப் புறப்படும் முன் மேடையருகே குனிந்து நின்றதுண்டு. உழைப்பை மிச்சப்படுத்தும் கருவி என்று ரொட்டி இயந்திரத்தை விற்பவர்கள் சொல்வது சரியாயினும், அது தரும் இன்பத்தை அச்சொல் தொடுவதில்லை. காத்திருப்பதற்கு ஒரு பொருள் வீட்டில் இருப்பதே அவ்வின்பம்.

சோதனைகளும் நடந்தன. தேக்காவில் வாங்கிய ஆட்டா மாவை முழுவதுமாகப் போட்டபோது செங்கல் போன்ற ஒன்றே கிடைத்தது. ஆட்டாவிலுள்ள தவிட்டுத் துகள்கள் குளூட்டன் வலையை அறுப்பதும், கல் ஆலையில் அரைபடுகையில் மாவுச்சத்து மிகுதியாகச் சிதைவதால் அம்மாவு அதிக நீரை உறிஞ்சுவதும் இதற்குக் காரணங்கள். மூன்றில் ஒரு பங்கு ஆட்டா, இரு பங்கு ரொட்டி மாவு, கூடுதலாக 20 மில்லி நீர் என்ற அளவில் அது சீரடைந்து, மீன் குழம்பில் தோய்த்தாலும் கரையாத உறுதியைப் பெற்றது. வதக்கிய சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் சோம்பும் சேர்த்த ரொட்டியே வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. கேழ்வரகு மாவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் ஒருபோதும் ஒத்துழைக்கவில்லை.

இவையெல்லாம் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் பதிவாயின. தாயாரின் கையெழுத்தில் தேதி, மாவு, நீர், ஈஸ்ட் என நான்கு பத்திகள். ஓரத்தில் ஓரிரு சொற்கள்: ‘மழை. தண்ணீர் 10 குறை’, ‘புதுப் பொட்டலம், கனம்’, ‘பதம் தாண்டிவிட்டது’, ‘நல்ல பதம்’. முதல் இயந்திரத்தின் பூச்சு உரிந்து, இரண்டாவது வந்த பிறகும் புத்தகம் மாறவில்லை. வெண்ணெய்க் கறை பட்ட பக்கங்கள் கண்ணாடிபோல் ஒளி கசிந்தன.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூர் கிருமிப்பரவலை முறியடிக்க வீடடங்கியிருந்தபோது, பேரங்காடிகளில் மாவும் ஈஸ்டும் கிடைப்பது அரிதாயிற்று. ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் ரொட்டி சுடத் தொடங்கியிருந்தது. அந்த நோன்பு மாதத்தில், எதிர்வீட்டு மலாய் மூதாட்டி தம்மிடமிருந்த ஈஸ்டில் பாதியைச் சிறு புட்டியில் இட்டு, பையோடு கிராதியில் மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் நோன்பு துறக்கும் நேரத்துக்கு முன் அதே பை, இன்னும் இளஞ்சூடு ஆறாத ரொட்டியுடன் எதிர்க் கிராதியில் தொங்கியது. இது மாத இறுதிவரை நடந்தது. பெருநாளன்று பை திரும்பி வந்தபோது அதில் காயா இருந்தது.

ஜூன் 19-க்குப் பின் ஒரு வீட்டுக்கு ஐந்து விருந்தினர் வரை செல்லலாம் என்றானதும், அம்மூதாட்டியின் மகள் தாம் புதிதாக வாங்கிய இயந்திரத்துக்கு அளவு கேட்டு வந்தார். புத்தகம் அவர் கையில் கொடுக்கப்பட்டது. எண்களை அவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். தமிழ்க் குறிப்புகளை இக்கட்டுரையாளர் மலாயிலும் ஆங்கிலத்திலுமாகச் சொல்லிக்கொண்டு வந்து, ‘நல்ல பதம்’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். வெந்தது என்றால் அது இல்லை. கெட்டி என்றால் அது இல்லை. தயார் என்றாலும் போதவில்லை. மூன்று விதமாகச் சொல்லியும் வந்தவர் முகத்தில் தெளிவு காணாத தாயார், மேடையில் பொங்கிக்கொண்டிருந்த மாவின் மூடியைத் திறந்து, அவரை அருகே அழைத்தார். மாவு தொட்ட சுட்டுவிரலை அரை அங்குலம் அழுத்தி எடுத்தார். குழி மெல்ல மெல்ல மேலெழும்பி, பாதித் தொலைவில் நின்றது. வந்தவரும் தம் விரலில் மாவு தொட்டுக்கொண்டு, அதன் பக்கத்திலேயே அழுத்திப் பார்த்தார்.